புரதக் களஞ்சியமும் சென்னை தந்த உரைகல்லும்

உயிர்த்தொழில்கள் பலவற்றை ஆற்றுவன புரதங்கள். அமினோவமிலச் சங்கிலி மடிந்து பெறும் உருவமே அவற்றின் தொழிலை நிர்ணயிக்கின்றது. இவ்வுருவங்களை யாவர்க்கும் பொதுவாக்கும் புரதத் தரவு வங்கி, 1971இல் அமெரிக்காவின் புரூக்கேவன் ஆய்வுகூடத்தில் 7 அமைப்புகளுடன் தொடங்கிற்று. இன்று 2 இலட்சத்துக்கு மேற்பட்டவை அதில் உள.

பொதுக் களஞ்சியத்தில் ஒரு பிழை புகின், அது பலரது ஆய்வையும் பழுதாக்கும். அதனைக் கண்டறிவது எங்ஙனம்? 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர் வகுத்த வரைபடம் இதற்கு உதவுகின்றது. சங்கிலி திரும்பும் கோணங்கள் சிலவற்றில் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டும். ஆதலின் அவை பெரும்பாலும் பொருந்தா. வங்கிக்கு வரும் அமைப்புகள் இதனோடு ஒப்பிடப்பெற்று, பொருந்தாதன சுட்டப்படுகின்றன. சேர்ப்பதினும் செப்பமாகக் காப்பதே அரிது.