அலை பகுக்கும் கணக்கு

ஒரு நாடு நிலத்தடியில் மறைவாக அணுகுண்டை வெடித்துச் சோதித்தால், அயல்நாட்டார் அதனை அறிவது எங்ஙனம்? 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவையும் சோவியத்து நாட்டையும் அலைக்கழித்த வினா இது. வெடியின் அதிர்வு நெடுந்தொலை பரவும். நிலநடுக்கமானி அதனைப் பதிவு செய்யும். ஆயினும், இயற்கை நிலநடுக்கமும் அக்கருவியிற் பதியுமன்றோ? ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் வீண்பழி நேரும். போர் மூளினும் மூளும்.

இரண்டையும் பிரித்தறிய, அதிர்வலையை அதன் கூறுகளாகிய சிற்றலைகளாகப் பகுத்து நோக்குதல் வேண்டும். 1024 அளவீடுகள் கொண்ட பதிவொன்றைப் பழைய முறையிற் பகுக்க 10 இலட்சத்திற்கு மேற்பட்ட பெருக்கல்கள் தேவை. அமெரிக்கக் கணித அறிஞர் ஜான் டியூக்கி இதற்கொரு சுருக்குவழி கண்டார். பெருங்கணக்கை இரு பாதியாக்கி, அப்பாதிகளையும் மேன்மேலும் பாதியாக்கிச் செல்வது அது. பெருக்கல்கள் ஏறத்தாழ 10,000 ஆகச் சுருங்கின.

அம்முறையைக் கணிப்பொறிக்குரிய நிரலாக்கியவர் ஜேம்ஸ் கூலி. வேலையைக் கொணர்ந்த இயற்பியலார் ரிச்சர்டு கார்வின், அணுவெடிப்பைப் பற்றி வாய் திறவாது, ஹீலியப் படிக ஆராய்ச்சிக்கென்றே கூறினார். உண்மைப் பயன் அறியாமலே கூலி அதனை எழுதி முடித்தார். 1965இல் கூலி, டியூக்கி இருவர் பெயராலும் கட்டுரை வெளிவந்தது. இன்று ராடார், சோனார் ஆகியவற்றிற்கு நிரல் எழுதும் பாதுகாப்புத்துறைப் பொறியாளர் நாள்தோறும் கையாள்வதும் இக்கணக்கையே.

பின்னர்த் தெரிந்த செய்தியோ வியப்பினும் வியப்பு! ஜெர்மானியக் கணித மேதை காஸ் இவ்வழியை 1805ஆம் ஆண்டளவிலேயே இலத்தீன் மொழியிற் குறித்து வைத்திருந்தார். அக்குறிப்பு அச்சேறியது அவர் மறைந்த பின்னரே.