பெயர் தெரியாத தொட்டி மரம்: குளிர்காலத்தில் உள்ளே வைப்பதா, வெளியே விடுவதா?

லண்டனிலோ டொராண்டோவிலோ வாடகைக்கு வீடு எடுத்துப் போகிறவர்களுக்கு, முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன தொட்டி மரம் ஒன்று பால்கனியில் காத்திருப்பது உண்டு. அது என்ன மரம்னு யாருக்கும் தெரியாது. கோடையில் தண்ணீர் ஊற்றினால் போதும். அக்டோபரில் குளிர் தொடங்கும்போதுதான் சிக்கல். 'பாவம், குளிருமே' என்று உள்ளே தூக்கி வைத்தால் சில மரங்கள் பிழைக்கும். சில மரங்கள் அதனாலேயே சாகும். ஆகவே முதல் வேலை, மரம் எது என்று கண்டுபிடிப்பது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இலை உதிரும் முன்பே படம் எடுத்துவிடுங்கள். கூகுள் லென்ஸ், பிளான்ட்நெட் போன்ற செயலிகளுக்கு முழு மரத்தின் படம் மட்டும் போதாது. இலையின் இரு பக்கங்கள், இலை கிளையோடு சேரும் இடம், பட்டை எனத் தனித்தனியாக எடுங்கள். செயலி சொல்வதைக் கையாலும் சோதித்துப் பாருங்கள்.

• பளபளக்கும், நுனி கூரான சிறிய இலை. கிள்ளினால் பால் வருகிறதா? ஆலமரத்தின் உறவான ஃபைகஸ் பெஞ்சமினாவாக இருக்கலாம்.

• கசக்கினால் எலுமிச்சை வாசனை, கிளையில் முள்: எலுமிச்சை வகை.

• விரித்த கை போலப் பிளந்த இலைகள், இரண்டிரண்டாக எதிரெதிரே: ஜப்பானிய மேப்பிளாக இருக்கலாம்.

எது உள்ளே, எது வெளியே?

ஃபைகஸ் வெப்பமண்டல மரம். இரவு வெப்பநிலை 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் முன்பே உள்ளே கொண்டுவர வேண்டும். ஜன்னலோரம் வையுங்கள்; ஹீட்டர் காற்று நேராகப் படக்கூடாது. இடம் மாறியதும் இலை கொட்டும். பதறிப்போய் தண்ணீரை ஊற்றினால் வேர் அழுகிவிடும். ஒரே இடத்தில் விட்டால் மெல்லத் துளிர்க்கும். இதன் பால் பூனை, நாய்க்கு ஆகாது.

எலுமிச்சைக்கு உறைபனியும் ஆகாது, சூடான ஹாலும் ஒத்துவராது. வெளிச்சம் உள்ள, அதிகம் சூடாக்காத அறைதான் சரி.

மேப்பிள் நேர் எதிர். இலையை உதிர்த்துவிட்டுக் குளிரில் தூங்க வேண்டிய மரம் அது. சூடான வீட்டுக்குள் அந்தத் தூக்கம் கிடைக்காமல் வலுவிழந்துவிடும். வெளியிலேயே விடலாம். ஆனால், தொட்டியில் உள்ள வேரை நிலத்தில் உள்ளதைவிடக் குளிர் எளிதில் தாக்கும். தொட்டியைச் சாக்கால் சுற்றி, காற்று படாத சுவரோரம் வையுங்கள். டொராண்டோ போன்ற கடுங்குளிர் ஊர்களில், சூடாக்காத கராஜுக்குள் வைக்கலாம். இலை இல்லாததால் வெளிச்சம் தேவையில்லை. மண் முழுக்கக் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

செத்துப்போச்சா, தூங்குதா?

மொட்டையாக நிற்பதாலேயே மரம் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு சிறு கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் அந்தக் கிளை மட்டும் போயிருக்கலாம். இன்னும் கீழே சுரண்டிப் பாருங்கள். எங்கேயும் பச்சை தெரியாவிட்டாலும் மே மாதம் வரை பொறுத்திருந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.