டிக் டிக் சத்தம் சொல்லும் சேதி

வாப்பாவின் கார் என்னைவிட வயதில் மூத்தது. அதன் வலப்பக்கச் சிக்னல் சில நாள் ஒழுங்காக மின்னும். சில நாள் மங்கலாக எரிந்தபடியே நிற்கும். சின்னப் பழுதுதானே என்று விட முடியவில்லை. நம் நாட்டில் வாகனம் வீதியின் இடப்பக்கமாக ஓடுகிறது. வலப்பக்கம் திரும்புகிறவர் எதிரே வருகிறவர்களின் பாதையைக் கடக்க வேண்டும். பின்னால் வருகிறவரோ அதே வலப்பக்கத்தால்தான் முந்துவார். புல்மோட்டையிலிருந்து குச்சவெளி வழியாகத் திருகோணமலைக்குப் போகும் வீதியில், கனிய மணல் லொறி ஒன்று பின்னால் வரும்போது இதை நினைத்துப் பாருங்கள்.

சிக்னலை விட்டு விட்டு எரிய வைப்பது பிளாஷர் என்னும் சிறிய டப்பா. பழைய கார்களில் அதனுள்ளே, வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிய தகடு ஒன்று இருக்கும். பல்ப்புக்குப் போகும் மின்னோட்டம் தகட்டைச் சூடாக்கும். சூடேறினால் அது வளைந்து தொடுப்பை விடும், பல்ப் அணையும். ஆறினால் மீண்டும் தொடும். நமக்குக் கேட்கும் டிக் டிக் அதுதான். நிமிடத்துக்கு 60 முதல் 120 வரை மின்னினால் சரி.

ஆகவே முதலில் காதால் கேட்க வேண்டும். 12 வோல்ற் காரில் 21 வாற் பல்ப் ஒன்று 1.75 அம்பியர் இழுக்கும். முன்னும் பின்னும் சேர்ந்தால் 3.5 அம்பியர். ஒரு பல்ப் கருகினால் மின்னோட்டம் பாதியாகும். தகடு சூடாக நேரமெடுக்கும். சிக்னல் மெதுவாகும், அல்லது அணையாமலே நிற்கும். பிந்திய கார்களில் உள்ள இலத்திரனியல் பிளாஷர் இதற்கு நேர்மாறு: பல்ப் போனால் சாரதிக்குத் தெரியட்டும் என்று வேகமாக அடிக்கும். குறைந்த மின்சாரத்தில் எரியும் எல்.இ.டி. பல்ப் மாட்டினாலும் இதே கூத்துதான். இதைக் கவனிக்காமல் உடனே பிளாஷரை வாங்கி மாற்றுவது வீண் செலவு.

எங்கள் காரில் பல்ப் இரண்டும் நல்லவை. ஆனால் இரவில் பார்க் லைட் எரியும்போது வலப்பக்கச் சிக்னலைப் போட்டால், பின் சிவப்பு லைட்டும் சேர்ந்து துடித்தது. இது எர்த் பழுதின் அடையாளம். பற்றரியிலிருந்து வயர் வழியே வரும் மின்சாரம், பல்ப்பைக் கடந்து காரின் உடல் வழியாகத் திரும்பிப் போக வேண்டும். அந்த வழி அடைபட்டால் பக்கத்து பல்ப்புக்குள் நுழைந்து வழி தேடும். கடற்கரை ஊரில் அடைப்பது யார்? உப்புக்காற்றுத்தான். பல்ப் ஹோல்டர் உடலோடு சேரும் ஆணியில் துரு பிடித்திருந்தது.

உறுதிப்படுத்துவது இலகு. ஒரு துண்டு வயரின் ஒரு முனையை ஹோல்டரின் வெளி உலோகத்திலும், மறுமுனையைப் பெயின்ட் இல்லாத சுத்தமான உடல் பகுதியிலும் பிடியுங்கள். பல்ப் பிரகாசமானால் எர்த்தான் குற்றவாளி. மின்சாரம் வரும் வயரில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. பியூஸ் போகும், வயரும் எரியலாம். பிறகு பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, ஆணியைக் கழற்றித் துருவைச் சுரண்டி, கொஞ்சம் கிறீஸ் பூசி இறுக்கினோம். ஒரு பின்னேர வேலை.

இரு பக்கமும் எரியாவிட்டால் பியூஸைப் பாருங்கள். நான்கு லைட்டையும் ஒன்றாக மின்ன வைக்கும் ஹசார்ட் சுவிட்ச் இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். அது ஒழுங்காக மின்னினால் பல்ப்புகளில் குறையில்லை, சந்தேகம் பியூஸ் மீதும் ஸ்டியரிங் அருகிலுள்ள சுவிட்ச் மீதும் போகும்.

பழுது தீரும்வரை, வலப்பக்கம் திரும்புமுன் சாரதி வலக்கையை யன்னலால் நீட்டிக் காட்டலாம். மொரிஸ் மைனர் கார்களில் 1961 வரை சிக்னலே அப்படித்தான். பக்கத்துத் தூணிலிருந்து வெளிச்சமுள்ள சின்னக் கை ஒன்று வெளியே நீளும்.