மண்டையோட்டைக் கடக்கும் காந்தத் துடிப்பு

சிகிச்சையின் முதல் நாளில் மருத்துவரின் பார்வை முழுவதும் நோயாளியின் வலது கைக் கட்டைவிரலில்தான் இருக்கும். தலையின் இடப்பக்கத்தில், காதுக்கு மேலே, கைப்பிடி வைத்த ஒரு கம்பிச்சுருளை வைத்து ‘டக்’கென்று ஒரு துடிப்பு கொடுப்பார். சற்று நகர்த்தி இன்னொன்று. தேடிக்கொண்டே போகையில் ஓரிடத்தில் அந்தக் கட்டைவிரல் தானாக வெட்டி இழுக்கும். யாரும் விரலைத் தொடவில்லை, நோயாளியும் அசைக்கவில்லை. மூளையில் அந்த விரலை ஆளும் நரம்பணுக்களை, மண்டையோட்டைத் திறக்காமல் வெளியிலிருந்தே தூண்டியாயிற்று. பத்துத் துடிப்பில் ஐந்து முறையாவது விரல் அசைவதற்கு எவ்வளவு விசை தேவையோ, அதுதான் அந்த நோயாளிக்குரிய அளவு. பெரும்பாலும் அதைவிட 20 சதவீதம் கூட்டிச் சிகிச்சை தொடங்கும்.

இதன் பெயர் டிரான்ஸ்கிரேனியல் மேக்னெடிக் ஸ்டிமுலேஷன், மருத்துவமனைகளில் டி.எம்.எஸ். என்பார்கள். மாத்திரைகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு இன்று உலகின் பல நாடுகளில் இது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை.

இயந்திரத்தின் அடிப்படை 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்தூண்டல். மாறிக்கொண்டிருக்கும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தை எழுப்பும். நம் சமையலறை இண்டக்‌ஷன் அடுப்பும் இதே விதியில்தான் இயங்குகிறது: அடுப்புக்குள் கம்பிச்சுருள், மேலே பாத்திரம், இடையில் கண்ணாடிப் பலகை. டி.எம்.எஸ்.ஸில் கண்ணாடியின் இடத்தில் மண்டையோடு, பாத்திரத்தின் இடத்தில் நரம்பணுக்கள். மின்தேக்கியில் சேர்த்து வைத்த மின்சாரம் ஒரே வீச்சில், ஆயிரக்கணக்கான ஆம்பியர் அளவில், சுருளுக்குள் பாய்கிறது. விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் காந்தப்புலம் எழுந்து 1.5 முதல் 2 டெஸ்லா வரை உயர்கிறது. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் புலமும் ஏறக்குறைய இவ்வளவுதான். ஆனால் அது நிலையாக நிற்கும் புலம்; இது எழுந்த கணமே மடிந்துவிடும். நரம்பைத் தூண்டுவது அந்த மாற்றமே. எனவே காந்தக் காப்பு, காந்த மெத்தை என்று விற்கப்படுகிறவற்றுக்கும் இந்தச் சிகிச்சைக்கும் எந்த உறவும் கிடையாது. அசையாத காந்தத்தை ஆண்டுக்கணக்கில் தலைக்கடியில் வைத்தாலும் மூளையில் இந்த மின்னோட்டம் எழாது.

இந்த விதியைத் தலையில் முயன்று பார்ப்பது புதிதல்ல. 1896-இல் பாரிஸில் ஆய்வாளர் தார்சோன்வால் பெரிய கம்பிச்சுருளுக்குள் தலையை நுழைத்தபோது கண்ணில் ஒளிப்பொறிகள் தெரிந்தன. விழித்திரை தூண்டப்பட்டதன் விளைவு அது. மூளையை எட்ட அன்றைய கருவிகளுக்கு வலு போதவில்லை. 1980-இல் லண்டனில் மெர்டனும் மார்ட்டனும் மண்டையோட்டின் வழியே நேரடியாக மின்சாரம் செலுத்திக் கைத் தசைகளை அசைத்துக் காட்டினார்கள். மண்டையோடு மின்சாரத்தை வெகுவாகத் தடுப்பதால் மிகுந்த மின்னழுத்தம் தேவைப்பட்டது. உச்சந்தலைத் தோல் தாங்காமல் வலித்தது. காந்தப்புலத்துக்கு எலும்பு தடையே இல்லை. 1985-இல் ஷெஃபீல்ட் நகரில் ஆன்டனி பார்க்கரும் அவருடைய குழுவினரும் வலியின்றி மூளையைத் தூண்டி விரல்களை அசைய வைத்தார்கள். அவர்கள் மனச்சோர்வை நினைத்துச் செய்யவில்லை. மூளையிலிருந்து தசை வரை செல்லும் நரம்புப் பாதை பழுதில்லாமல் இருக்கிறதா என்று சோதிக்க ஒரு கருவி வேண்டியிருந்தது, அவ்வளவே. 1988-இல் ஜப்பானின் உவேனோ சுருளை எட்டு வடிவத்தில் அமைத்தபின் குறிப்பிட்ட சிறு இடத்தை மட்டும் தூண்டுவது கைகூடியது.

இந்தத் துடிப்பு தலைக்குள் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான் இறங்கும். மனச்சோர்வில் தொடர்புடைய பல பகுதிகள் அதற்கும் கீழே, மூளையின் நடுவில் இருக்கின்றன. பிறகு எப்படிப் பலன் கிடைக்கும்? மூளையின் எந்தப் பகுதியும் தனித்து இயங்குவதில்லை. நெற்றியின் இடப்பக்கம், முன்மூளைப் புறணியின் மேற்பகுதி, மனச்சோர்வு உள்ள பலரிடம் மந்தமாக இருப்பதை மூளைப் படங்கள் காட்டியிருந்தன. அதைத் திரும்பத் திரும்பத் தூண்டினால் அதனோடு இணைந்த ஆழப்பகுதிகளும் மாறக்கூடும் என்ற எண்ணத்தில் 1995-இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் மார்க் ஜார்ஜ் மருந்துக்கு இணங்காத ஆறு நோயாளிகளிடம் முயன்று பார்த்தார். சிலரிடம் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது.

இந்தச் சிகிச்சையின் கடினமான முடிச்சு இங்கேதான் இருக்கிறது. இயக்கப் பகுதியைத் தூண்டினால் விரல் துடித்துப் பதில் சொல்லும். முன்மூளையின் இந்தப் பகுதியைத் தூண்டினால் எதுவுமே அசையாது. சரியான இடத்தில்தான் சுருள் இருக்கிறதா என்று உடனே காட்ட ஓர் அறிகுறியும் இல்லை. அதனால் தொடக்கத்தில் கட்டைவிரல் துடித்த இடத்திலிருந்து ஐந்து சென்டிமீட்டர் முன்னால் வை என்று ஒரு பொதுக்கணக்கைப் பின்பற்றினார்கள். எல்லாத் தலைக்கும் ஒரே கணக்கு எப்படிப் பொருந்தும்? சிலருக்கு அது குறி தவறியது. 2012-இல் மைக்கேல் ஃபாக்ஸும் சகாக்களும் ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டார்கள். மூளையின் நடுவில், மனச்சோர்வில் மிகையாக இயங்கும் பகுதி ஒன்று உண்டு. அதை ஹெலன் மேபெர்க் முன்பே ஆராய்ந்து காட்டியிருந்தார். அந்தப் பகுதியின் இயக்கம் கூடும்போது எந்த மேற்பரப்பு இடத்தின் இயக்கம் குறைகிறதோ, அங்கே கொடுத்த துடிப்புகளுக்கே பலன் அதிகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எம்.ஆர்.ஐ. எடுத்து இடம் குறிக்கும் முயற்சிகள் இதையொட்டி வலுப்பெற்றன.

சிகிச்சை அறையில் அச்சப்பட எதுவும் இல்லை. பல் மருத்துவரிடம் இருப்பது போன்ற சாய்வு நாற்காலி, காதுக்கு அடைப்பான். தோடு, மூக்குத்தி, ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். மயக்க மருந்து கிடையாது. விநாடிக்குப் பத்து வீதம் நான்கு விநாடி துடிப்பு, 26 விநாடி ஓய்வு, இப்படி 37.5 நிமிடத்தில் 3,000 துடிப்புகள். வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். முடிந்ததும் எழுந்து வேலைக்குப் போகலாம். மூளையின் இயல்பான அலைத்தாளத்தை ஒட்டித் துடிப்புகளைக் கொத்தாகக் கொடுக்கும் ‘தீட்டா பர்ஸ்ட்’ முறையில் மூன்றே நிமிடத்தில் வேலை முடிகிறது. கனடாவில் 414 பேரிடம் நடந்த ஆய்வு, இதன் பலன் நீண்ட முறைக்குக் குறைந்ததல்ல என்று 2018-இல் காட்டியது. அரசு மருத்துவமனை போன்ற கூட்டம் மிகுந்த இடங்களுக்கு இதுதான் உண்மையான நற்செய்தி என்று நினைக்கிறேன். ஒருவருக்கு ஆகும் நேரத்தில் பலரைப் பார்க்கலாமே.

பலன் எவ்வளவு என்பதை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். ஆய்வுகளில் ஒரு குழுவுக்கு ஓசையும் தோலில் தட்டும் உணர்வும் மட்டும் தரும் போலிச் சுருளை வைப்பார்கள். 2010-இல் வெளியான 190 பேர் அடங்கிய ஆய்வில், உண்மையான துடிப்பு பெற்றவர்களில் 14 சதவீதத்தினர் முழுமையாக மீண்டனர். போலியில் 5 சதவீதத்தினர். அன்றாட மருத்துவமனைகளில் முழுச் சிகிச்சையும் பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு நோய் பாதியாகவாவது குறைகிறது, மூன்றில் ஒருவர் அளவுக்கு மீள்கிறார்கள். 14 சதவீதம் சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் சுமார் 4,000 பேரைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்காவின் பெரிய மருந்து ஆய்வில், முதல் மருந்தில் மூன்றில் ஒருவர் மீண்டதாகவும், மூன்றாவது, நான்காவது மருந்துக்குப் போனவர்களில் 13, 14 சதவீதத்தினர் மட்டுமே மீண்டதாகவும் 2006-இல் அறிக்கை வந்தது. இரண்டு மருந்துகளை உரிய அளவில், உரிய காலம் எடுத்தும் குணம் காணாதவருக்கு பெரும்பாலும் அடுத்த மாத்திரையே வழி என்றிருந்த நிலையை இந்தக் கருவி மாற்றியிருக்கிறது. அப்படிப்பட்டவர்களிடம்தான் நம் ஊரில் “நாலு பேரோடு பழகு, கோயிலுக்குப் போய்வா, எல்லாம் சரியாகிவிடும்” என்கிறோம். மருந்து கேட்காத மனச்சோர்வு மனவலிமை இல்லாததன் அடையாளமே கிடையாது. சிறுநீரகம் பழுதானால் அப்படி யாரும் அறிவுரை சொல்வதில்லை.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நோலன் வில்லியம்ஸ் குழுவினர் ஆறு வாரத்தை ஐந்து நாளாகச் சுருக்கினார்கள். எம்.ஆர்.ஐ. மூலம் இடம் குறித்து, மணிக்கொரு முறை பத்து நிமிடம் வீதம் நாளுக்குப் பத்து அமர்வுகள். மொத்தம் 90,000 துடிப்புகள். உண்மையான துடிப்பு பெற்ற 14 பேரில் 11 பேர் நான்கு வாரத்துக்குள் மீண்டனர்; போலி பெற்ற 15 பேரில் இருவர். எண்ணிக்கை மிகச் சிறியது, அதனால் பெரிய ஆய்வுகள் வரும்வரை நிதானம் தேவை. ஆயினும் தற்கொலை எண்ணத்தோடு மருத்துவமனையில் கிடப்பவருக்கு ஆறு வாரத்துக்கும் ஐந்து நாளுக்கும் உள்ள தூரம் உயிரின் தூரம். 2022-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) இந்த முறைக்கு அனுமதி தந்தது.

‘ஷாக் வைப்பது’ என்று நாம் சொல்லும் மின்னதிர்ச்சிச் சிகிச்சையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் மயக்கம் கொடுத்து வலிப்பை வரவழைப்பார்கள். சிலருக்குச் சிறிது காலம் மறதி இருக்கும். டி.எம்.எஸ்.ஸில் வலிப்பு என்பது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாக நேரும் பக்கவிளைவு. தலைவலியும் உச்சந்தலை வலியுமே பொதுவானவை; முதல் வாரத்துக்குப் பின் பெரும்பாலும் தணிந்துவிடும். தலைக்குள் உலோகக் கிளிப், காதில் காக்ளியர் கருவி பொருத்தியவர்களுக்கு இது கூடாது. உண்ணாமல், பேசாமல் உறைந்துபோகும் அளவுக்கு முற்றிய நிலையில் மின்னதிர்ச்சிச் சிகிச்சையே இன்றும் வலிமையானது. அதற்குப் பயந்து காலம் கடத்துவது ஆபத்து.

பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலும் சென்னை போன்ற நகரங்களின் சில தனியார் மருத்துவமனைகளிலும் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. மீண்டவர்களில் சிலருக்கு ஓராண்டுக்குள் நோய் திரும்புவதுண்டு. முதல் முறை பலன் கண்டவர்களுக்கு மறுமுறையும் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், எந்த இடத்தில், எந்த முறையில், எத்தனை அமர்வுகள் கொடுத்தார்கள் என்ற குறிப்பை மருத்துவரிடம் எழுதி வாங்கிப் பத்திரப்படுத்திக்கொள்வது நல்லது.