அலைகடல் கடந்தொரு குடும்பத் திருப்பயணம்

வைகைக் கரையில் வாழும் நமக்குக் கடற்பயணம் பழக்கமானதன்று. திருப்பயணம் என்றவுடன் நம் சமவெளி மக்கள் வேளாங்கண்ணியையும் ஓரியூரையும் இடைக்காட்டூரையுமே நினைப்பர். பேருந்திலோ, கால்நடையாகவோ சென்று திரும்புவர். ஆயினும், பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை குடும்பம் முழுவதும் படகேறி, கரை கண்ணுக்கு மறையும் வரை கடலிற் சென்று, ஆளில்லாத் தீவொன்றில் ஓரிரவு தங்கி வரும் திருப்பயணமும் நமக்கு அருகிலேயே உண்டு. அதுவே கச்சத்தீவுப் புனித அந்தோனியார் திருவிழா. 1987-ஆம் ஆண்டு சிவகங்கை மறைமாவட்டம் உருவாகும் வரை, இராமேசுவரம் தீவும் நம் மதுரை உயர்மறைமாவட்டத்தோடு சேர்ந்தே இருந்தது. எனவே இத்திருவிழாவை நாம் அயலார் விழாவென்று எண்ணுதல் தகாது.

தீவும் கடலும்

கச்சத்தீவு ஏறத்தாழ 285 ஏக்கர் பரப்புடைய சிறு தீவு. இராமேசுவரத்திலிருந்து வடகிழக்கே 12, 13 கடல் மைல் தொலைவில், அதாவது ஏறத்தாழ 24 கிலோமீட்டரில் உள்ளது. இலங்கையின் நெடுந்தீவிலிருந்தும் அதற்கு ஏறக்குறைய அதே தொலைவுதான். இரு கரைகளுக்கும் நடுவே அமைந்த முற்றம் போன்றது அத்தீவு. அங்கே குடியிருப்போர் எவருமில்லை, குடிநீரும் இல்லை. முட்புதர்களும் மணலும் புனித அந்தோனியார் ஆலயமும் மட்டுமே உண்டு. மீன்பிடிக்கச் சென்றோர் வலை உலர்த்தவும் இளைப்பாறவும் ஒதுங்கிய இடம் அது. அவர்களுடைய பக்தியே அங்கு ஆலயமாக எழுந்தது. பழைய சிற்றாலயத்துக்கு அருகே இலங்கைக் கடற்படையினர் கட்டிய புதிய ஆலயம் 2016 டிசம்பரில் அர்ச்சிக்கப்பட்டது.

தனுஷ்கோடி மக்கள் வடபுறத்துப் பாக் கடலைப் பெண் கடல் என்றும், தென்புறத்து மன்னார்க் கடலை ஆண் கடல் என்றும் அழைப்பர். முன்னது ஆழம் குறைந்தது, பெரும்பாலும் அமைதியானது. எனினும் அதன் அமைதியை நம்பி ஏமாறலாகாது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வீசிய புயலில் தனுஷ்கோடி ஊரே அழிந்தது. பயணிகளோடு வந்த தொடர்வண்டியைக் கடல் கொண்டது. அங்கு இன்றும் நிற்கும் ஆலயச் சுவர்கள் அதற்குச் சான்று. ஆகவேதான் கச்சத்தீவுத் திருவிழா காற்றின் போக்கறிந்து அமைந்துள்ளது. வடகிழக்குப் பருவத்தின் வாடை ஓய்ந்து, தென்மேற்கிலிருந்து சோளகம் எழும்புமுன், பிப்ரவரி அல்லது மார்ச் மாதத்தில், தவக்காலத்தை ஒட்டி இவ்விழா நடைபெறுகிறது.

கடலறிந்த புனிதர்

இவ்விடத்துக்குப் புனித அந்தோனியார் பாதுகாவலரானது பொருத்தமே. அவரைப் பதுவைப் பதியர் என்று நாம் அழைத்தாலும், 1195-இல் அவர் பிறந்தது லிஸ்பன் என்னும் துறைமுக நகரில். மறைசாட்சியாக உயிர் துறக்கும் ஆவலோடு அவர் மொரோக்கோ நாட்டுக்குக் கப்பலேறினார். அங்கே நோய் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. தாயகம் திரும்பப் புறப்பட்ட கப்பலையோ புயல் திசைமாற்றிச் சிசிலித் தீவிற் சேர்த்தது. தாம் விரும்பிய கரையை அவர் அடையவில்லை. ஆனால் அப்புயலே அவரை இத்தாலிக்குக் கொணர்ந்தது. அங்கே அவர் உலகறிந்த மறையுரையாளரானார். காற்று மாறினால் வாழ்வே மாறும் என்பதை அன்றாடம் காணும் கடலோர மக்கள், இப்புனிதரைத் தம்மவராகக் கொண்டதில் வியப்பென்ன?

அன்றைய பயணம்

இயந்திரப் படகுகள் வருமுன் நம் முன்னோர் பாய்விரித்த வத்தைகளிலும் வல்லங்களிலும் கச்சத்தீவு சென்றனர். கட்டுச்சோறு, தண்ணீர்க்குடம், பாய், அரிக்கன் விளக்கு ஆகியவற்றோடு குடும்பங்கள் புறப்பட்டன. அங்கே அக்கரை உறவினர் காத்திருப்பர். பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் ஊர்களின் குடும்பங்களுக்கும், மன்னார், நெடுந்தீவு, யாழ்ப்பாணக் குடும்பங்களுக்கும் இடையே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவு இருந்தது. மணமாகிக் கடல் கடந்து போன மகளைத் தாய் ஆண்டுக்கொருமுறை காணும் இடம் அத்தீவே. இக்கரையார் சேலையும் கைலியும் கொண்டுசெல்வர். அக்கரையார் தேங்காய் எண்ணெயும் சோப்பும் கிராம்பும் கொண்டுவருவர். பண்டமாற்றும் நலம் விசாரித்தலும் செபமாலையும் ஒரே மணல்மீது நிகழ்ந்தன.

1974 ஜூன் மாத ஒப்பந்தத்தால் கச்சத்தீவு இலங்கைக்கு உரியதாயிற்று. ஆயினும், இந்தியத் திருப்பயணிகள் முன்போலவே அங்கு சென்றுவரலாம் என்றும், அதற்குக் கடவுச்சீட்டோ விசாவோ வேண்டியதில்லை என்றும் அதே ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு உறுதி கூறியது. இரு நாட்டு அரசுகள் கையொப்பமிட்ட ஏட்டில் ஏழை மக்களின் பக்திக்கு இடம் கிடைத்தது சிறிய செய்தியன்று. ஆனால் 1983-ஆம் ஆண்டின் இனக்கலவரத்தை அடுத்து மூண்ட போரினால் இத்திருவிழா பல்லாண்டுகள் தடைப்பட்டது. 2009-இல் போர் ஓய்ந்தபின் மீண்டும் தழைத்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ தாய்மார் தம் மக்களைக் காணாமலே கண்மூடியிருப்பர். ஒரு திருவிழா நின்றுபோனால் உறவுகளும் அறுந்துபோகின்றன.

இன்றைய பயணம்

இன்று இப்பயணத்துக்கு முறையான ஏற்பாடுகள் உண்டு. இராமேசுவரம் வேர்க்கோடு புனித சூசையப்பர் பங்கின் வழியாகப் பெயர் பதிவு செய்தல் வேண்டும். அடையாளச் சான்று தேவை. புறப்படும் நாளில் அதிகாரிகள் பெயர்ப்பட்டியலையும் பைகளையும் சோதிப்பர். மதுவும் புகையிலையும் நெகிழிப் பொருள்களும் கொண்டுசெல்லலாகாது. ஒவ்வொருவரும் உயிர்காப்பு அங்கி அணிதல் வேண்டும். அவ்வங்கி சிறுவரின் உடல் அளவுக்குப் பொருந்துகின்றதா என்று படகேறுமுன்னரே பெற்றோர் பார்த்துக்கொள்வது நலம். வயிறு முட்ட உண்டு படகேறுவோர்க்கும், வெறும் வயிற்றோடு ஏறுவோர்க்கும் தலைசுற்றலும் வாந்தியும் வரும்; அளவாக உண்பதே சிறந்தது.

வெள்ளி மாலை கொடியேற்றமும் சிலுவைப்பாதையும் நடைபெறும். இரவில் தேர்ப்பவனி. மறுநாட்காலை யாழ்ப்பாண, சிவகங்கை மறைமாவட்டக் குருக்கள் இணைந்து திருப்பலி ஒப்புக்கொடுப்பர். அண்மை ஆண்டுகளில் தமிழோடு சிங்களத்திலும் வழிபாடு நிகழ்கிறது. யாழ்ப்பாணத்தார் குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறி வருவர். ஒருவரையொருவர் எதிர்த்து நின்ற இனத்தார் ஒரே பீடத்தின் முன் முழந்தாளிடும் காட்சி வேறெங்கு எளிதில் கிட்டும்?

படகில் ஏறிய குடும்பத்துக்கும் ஒரு பாடம் உண்டு. நம் வீடுகளில் இன்று ஆளுக்கோர் அறை, ஆளுக்கொரு கைப்பேசி. படகிலோ அவ்வாறு ஒதுங்க இடமில்லை. அணியத்தில் அலை மோதித் தெறிக்கும்போது பிள்ளை தகப்பன் கையைப் பற்றுகிறான். மாமியாருக்குத் தலை சுற்றினால் மருமகள் மடிகொடுக்கிறாள். பக்கத்துக் குடும்பத்தின் தண்ணீரை நம் குடும்பம் குடிக்கிறது. வீட்டில் மறந்துபோன உறவைக் கடல் நினைவூட்டுகிறது.

நாம் மறக்கலாகாத ஒன்று

நம்மை ஏற்றிச் செல்லும் படகு யாருடையது என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். அது ஒரு மீனவக் குடும்பத்தின் பிழைப்பு. ஆண்டுக்கொருமுறை நாம் அமைதியாகக் கடக்கும் அதே கடலில், மற்ற நாள்களில் அம்மீனவர் எல்லை தாண்டினார் என்று பிடிபடுகிறார், படகையும் இழக்கிறார். 2024 பிப்ரவரியில் படகோட்டிகளுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதைக் கண்டித்து, இராமேசுவரம் மீனவர் திருவிழாவைப் புறக்கணித்தனர். அவ்வாண்டு இக்கரையிலிருந்து திருப்பயணிகள் செல்லவில்லை. அடுத்த ஆண்டு, 2025 மார்ச் 14, 15 நாள்களில், மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் மீண்டும் சென்று வந்தனர்.

அக்கரைக்கும் ஒரு கண்ணீர் உண்டு. போரினால் பல்லாண்டுகள் கடலுக்குச் செல்ல இயலாதிருந்த வடஇலங்கைத் தமிழ் மீனவர் மீண்டும் வலை வீசத் தொடங்கியபோது, நம் கரையின் இழுவைப் படகுகள் அவ்வலைகளை அறுத்தன; கடலடியை வாரிச் சென்றன. இழுவை மீன்பிடிப்பை இலங்கை 2017-இல் சட்டத்தால் தடைசெய்தது. சிறையிலிருக்கும் இக்கரைத் தந்தைக்காகவும், வலையிழந்த அக்கரைத் தந்தைக்காகவும் மனைவியர் மன்றாடுவது ஒரே அந்தோனியாரிடம். இருவரும் ஒரே மொழியில் மன்றாடுகின்றனர். ஒருவர் அழுகையை மட்டும் கேட்டு, மற்றவர் அழுகைக்குச் செவி மூடுவது கிறிஸ்தவக் குடும்பத்துக்கு அழகாகாது.

ஆகவே, அன்புக் குடும்பங்களே! வாய்ப்புள்ளோர் அடுத்த திருவிழாவுக்கு ஒருமுறையேனும் பிள்ளைகளோடு சென்று வாருங்கள். காணிக்கையோடு திரும்பிவிடாமல், உங்களை ஏற்றிச் சென்ற படகுக்காரரின் பெயரையும் அவர் பிள்ளைகளின் பெயர்களையும் கேட்டறிந்து வாருங்கள். தீவில் உங்கள் அருகே பாய் விரிக்கும் நெடுந்தீவுக் குடும்பத்தோடு உணவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஊர் திரும்பியபின் குடும்பச் செபத்தில் அவ்விரு வீட்டாரையும் பெயர் சொல்லி நினையுங்கள். செல்ல இயலாதோரும் இதனைச் செய்யலாம். மீன் விற்கும் அம்மாவிடம் பேரம் பேசுமுன், அம்மீன் எந்தக் கடலைக் கடந்து வந்தது என்று ஒருகணம் எண்ணினாலே போதும்.