வைகைக் கரையின் அடிமண்

சென்ற இதழில், 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் தேதி விடியுமுன் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் தோன்றித் தென்னிந்தியாவின் பெரும்பகுதியை உலுக்கிய பூகம்பத்தைப் பற்றிச் சொன்னேன். அதைக் கண்டு மதுரைவாசிகள் கலங்க நியாயமில்லை என்று தோன்றலாம். ஏனெனில் 2002-இல் வெளியான இந்தியத் தர நிர்ணய விதிகளின் வரைபடம் கோயம்புத்தூரையும் சென்னையையும் மூன்றாம் மண்டலத்தில் சேர்த்து, மதுரையை அபாயம் மிகக் குறைந்த இரண்டாம் மண்டலத்தில்தான் வைத்தது.

ஆனால் குறைவென்றால் இல்லையென்று பொருள் கொள்வது எத்தகைய விபரீதம் என்பதற்கு மராட்டிய மாநிலத்துக் கில்லாரி கிராமமே சாட்சி. அந்நாளைய வரைபடத்தில் அபாயம் அனைத்திலும் குறைந்ததென்று குறிக்கப்பட்டிருந்த அந்த லாத்தூர்ப் பிரதேசத்தில், 1993 செப்டம்பர் 30 அன்று, விநாயகரைக் கரைத்துவிட்டு வந்து ஜனங்கள் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்த வேளையில், மண்சாந்து வைத்து அடுக்கிய கனத்த கற்சுவர்கள் சரிந்து ஏறத்தாழ 10,000 பேர் மாண்டார்கள்.

ஆகவே ஒரு நகரத்தின் அபாயத்தை மதிப்பிடும் விஞ்ஞானிகள், பூமியின் எந்தப் பிளவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அது எத்தனை காலத்துக்கு ஒருமுறை எவ்வளவு வலுவாக அசையக்கூடும் என்ற கணக்கோடு நின்றுவிடாமல், வந்து சேரும் அதிர்வை ஊரின் அடிமண் என்ன செய்கிறது என்பதையும் ஆராய்கிறார்கள். மதுரைக்கு இந்த இரண்டாவது ஆராய்ச்சியே பிரதானம் என்பது என் துணிபு. ஆனைமலை, நாகமலை, பசுமலை என்று ஊரைச் சூழ்ந்து நிற்பவை மிகத் தொன்மையான கெட்டிப் பாறைகள். அத்தகைய பாறையில் அஸ்திவாரம் ஊன்றிய வீட்டுக்கு அதிர்வு பெருகாமல் வந்து கடந்துவிடும். வைகையின் இருகரையிலும் படிந்த மணலும் வண்டலும், கண்மாய்கள் தூர்ந்து மனைகளாகிவிட்ட இடங்களின் களிமண்ணும் அப்படியல்ல. அந்த மெத்தென்ற மண்ணில் அலையின் வேகம் தளர்ந்து வீச்சு பெருகும். நீர் ஊறிய தளர்மணலோ, வலுத்த அதிர்ச்சியில் கட்டுக்குலைந்து இளகிவிடவும் கூடும். 1985 செப்டம்பர் 19-இல் பசிபிக் கரையோரம் தோன்றிய பூகம்பம், ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தள்ளியிருந்த மெக்ஸிகோ நகரில், பழைய ஏரிப்படுகையின்மேல் எழுந்த பேட்டைகளையே பொறுக்கியெடுத்தாற்போல் இடித்துத் தள்ளிற்று.

கட்டடத்தின் குற்றமும் இதில் சிறிதன்று. 2001 ஜனவரி 26-இல் கட்ச் பூகம்பம் நிகழ்ந்தபோது, 200 கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்தில் சரிந்த அடுக்குமாடிகளில் பல, வாகனம் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைச் சுவரின்றி வெறுந்தூண்களின்மேல் விட்டவை. மதுரையின் புதிய குடியிருப்புகளிலும் அந்த அமைப்பே பரவிவருகிறது.

சென்னைக்கும் பெங்களூருக்கும் அடிமண்ணைப் பகுதி பகுதியாக ஆராய்ந்த நுண்மண்டல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. மதுரையிலும் பாலத்துக்கும் மாடிக் கட்டடங்களுக்கும் துளையிட்டு எடுக்கும் மண் பரிசோதனை அறிக்கைகளை மாநகராட்சி ஓரிடத்தில் தொகுத்து வைத்தாலே அத்தகைய ஆய்வுக்கு நல்ல தொடக்கமாகும். வீடு கட்டப்போகும் வாசகர்கள் அதுவரை காத்திராமல், தங்கள் மனை முன்னாளில் கண்மாயாக இருந்ததா என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்து, மண்ணைப் பரிசோதித்து, தூணும் உத்தரமும் சேருமிடத்தில் கம்பி வளையங்களை நெருக்கிக் கட்டும்படி பொறியாளரிடம் வற்புறுத்த வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.