அலைவரிசையும் அதிகாரமும்: பாட்டைத் தேர்வது யார்?

'நேயர் விருப்பம்' என்ற சொல்லை நம்பிக்கொண்டிருந்தவன் நான். அரசு வானொலி நிலையம் ஒன்றில் சில காலம் தற்காலிக அறிவிப்பாளனாக வேலை பார்த்தபோதுதான் அந்த நம்பிக்கை கழன்றது. மூட்டை மூட்டையாக வந்த அஞ்சலட்டைகளைப் பார்த்து அங்கே பாட்டைத் தேர்வதில்லை. எந்த இசைத்தட்டைப் போடுவது என்று முதலில் முடிவாகும். அந்தப் பாட்டைக் கேட்டவர்களின் பெயர்களை அட்டைக் குவியலிலிருந்து பிறகு பொறுக்கி எடுப்போம். வாசித்தது என் குரல்தான். விருப்பமும் இருந்தது, நேயரும் இருந்தார். வரிசைதான் தலைகீழ்.

வானொலி இசையைப் பற்றிப் பேசும் நம் தோழர்கள் பாட்டின் உள்ளடக்கத்தையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். அது எத்தனை மணிக்கு, எதற்குப் பக்கத்தில், எவ்வளவு நேரம் என்று யாரும் கேட்பதில்லை. நிலையத்தில் இதற்கு 'ஃபிக்ஸட் பாயிண்ட் சார்ட்' என்று ஒரு தாள் உண்டு. பக்தி, சாஸ்திரீயம், மெல்லிசை, நாட்டுப்புறம், திரையிசை என்று நாள் முழுவதும் அதில் முன்கூட்டியே கட்டம் கட்டப்பட்டிருக்கும். பாட்டு பிறகுதான் வரும். கட்டத்தில் அடங்காத பாட்டு, இல்லாத பாட்டு.

இந்தக் கட்டங்கள் வானத்திலிருந்து விழுந்தவையல்ல. 1952இல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சாஸ்திரீய சங்கீதத்தால் தேசத்தின் காதைத் திருத்தப் புறப்பட்டவர். சினிமாப் பாட்டுக்கான நேரத்தை வெட்டினார். தயாரிப்பாளர்களோடு தகராறு முற்றி, அகில இந்திய வானொலியில் திரையிசை ஏறக்குறைய நின்றேபோயிற்று. ஜனங்கள் சும்மா இருந்தார்களா? முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பினார்கள். கடைசியில் 1957 அக்டோபரில் அரசே விவித் பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. ஹார்மோனியத்துக்கோ 1940இலிருந்து 1971 வரை தடை. நம் சுருதி நுட்பத்துக்கு ஒத்துவராத அந்நிய வாத்தியமாம். (வயலின் மட்டும் எந்த ஊர்ச் சரக்கு?) கலைஞர்களை ஆடிஷன் வைத்து 'பி', 'பி ஹை', 'ஏ', 'டாப்' என்று தரம் பிரிக்கும் முறையும் கேஸ்கர் காலத்தில்தான் இறுகியது. தரத்துக்கேற்பத்தான் சம்பளம்.

ஒருமுறை பறைக் குழு ஒன்று ஒலிப்பதிவுக்கு வந்தது. 'நாட்டுப்புறம்' கட்டத்தில் பத்து நிமிஷம். சாவுக்கு அடிக்கிற அடி மட்டும் வேண்டாம், காலையில் ஒலிபரப்பாகிறது என்று சொல்லிவிட்டார்கள். குழுவின் பெரியவர் சிரித்துக்கொண்டே, "அதுதாங்க எங்க பாடம்" என்றார். அவர் அடித்ததை என் சொந்த கேசட்டில் பதிவுசெய்துகொண்டேன். சார்ட்டில் அதற்கு இடமில்லை.

2001இல் தனியார் பண்பலை வந்தது. சந்தை இந்தக் கட்டங்களை உடைத்துவிட்டதாக ஒரு பேச்சு உண்டு. உடைக்கவில்லை, வட்டமாக வளைத்தது. அதற்குப் பெயர் 'கடிகாரம்': ஒரு மணி நேரத்தின் எந்த நிமிஷத்தில் எந்த வகைப் பாட்டு, எங்கே விளம்பரம் என்ற வரைபடம். கட்டங்களை நிரப்புவது மென்பொருள். 1979இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஆர்.சி.எஸ். நிறுவனத்தின் 'செலக்டர்' இதில் முன்னோடி. புதிய ஹிட், போன வருஷப் பாட்டு, பழசு என்று வகை. வேகம், மனநிலை, பாடகர் என்று குறியீடு. ஒரே பாடகர் அடுத்தடுத்து வரக்கூடாது, நேற்று எட்டு மணிக்கு வந்தது இன்றும் எட்டுக்கு வரக்கூடாது என்பதெல்லாம் விதிகள். 'புதிய ஹிட்' வகையில் ஆறே பாட்டு, மணிக்கு இரண்டு இடம் என்று வையுங்கள். மூன்று மணிக்கு ஒருமுறை அதே பாட்டு திரும்பி வந்தே தீரும். 'எங்க போனாலும் இந்தப் பாட்டுதான்' என்று நாம் வியப்பது இந்தக் கணக்கைத்தான்.

ஆறை எப்படிப் பொறுக்குகிறார்கள்? அமெரிக்க நிலையங்களில் வளர்ந்த ஒரு முறை: பாட்டின் சில விநாடித் துண்டைத் தொலைபேசியில் போட்டு, தெரியுமா, பிடிக்குமா, சலித்துவிட்டதா என்று கேட்பது. தெரியாத பாட்டு தேறாது; போடாத பாட்டு தெரியவராது. திரும்பத் திரும்பத் திணிப்பதே விருப்பத்தை உற்பத்தி செய்கிறது என்று அடோர்னோ 1941இலேயே எழுதினார். ஆனாலும் கேட்பவரை வெறும் களிமண்ணாக அவர் பார்த்ததில் எனக்கு உடன்பாடில்லை. முள்ளைத் திருப்பிய ஜனங்களை அவருக்குத் தெரியாது.

பண்பலை நிலையமொன்றில் வேலை பார்க்கும் தம்பி ஒருவனிடம் அந்த கேசட்டைப் போட்டுக் காட்டினேன். இதற்கு என்ன குறியீடு கொடுப்பாய்? வேகம், சரி. மனநிலையில் தடுமாறினான். "சந்தோஷம், காதல், சோகம்... இதுல எதுவும் சரியா வரலியே அண்ணே." கொஞ்சம் யோசித்து, "இதே அடி படத்துல வந்தா 'குத்து'ன்னு போட்டுருவோம்" என்றான்.